சலவைக் கணக்கு

ஆகஸ்டில் முதல் மூட்டை வந்தது சுண்ணாம்போடு.
கிண்ணப் போட்டி, முதற்சுற்று,
ஏதோ ஒரு சிற்றூர் மைதானம்.
கோடு போட்டவனுக்குத் தாராளமான கை.
ஆறு கோல் அடித்து, விழுந்து புரண்டு,
திருநீறு பூசியவர்களாய்த் திரும்பியிருந்தார்கள் எல்லாரும்.

ஹாகன் நகரில், பார்வையாளர் மேடைக்குக் கீழே
சன்னல் இல்லாத அறை.
நான்கு இயந்திரம், நான், யாஸ்மினா.
மேலே முப்பதாயிரம் பேர் குதித்தால்
சவர்க்காரத்தூள் டப்பா தட்டில் நடக்கும்.
கோல் என்று அதில்தான் அறிவோம்.
எதிரணி அடித்தால்
டப்பா அசையாது.

சனிக்கிழமை லீகா, கையில் ஒரு சின்னம்.
வியாழன் ஐரோப்பா, வேறு சின்னம்.
சூட்டில் அழுத்திப் பத்து எண்ணி எடுப்பேன்.
அவசரத்தில் ஒருமுறை மாறிப்போய்,
உடுப்புப் பொறுப்பாளர் டெட்லெஃப்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

மண்ணும் ஒரே மண் இல்லை.
நோர்வேயிலிருந்து கருந்துகள் வந்தது,
செயற்கைப் புல்லுக்கு அடியில் கொட்டுகிற ரப்பர்.
வடிகட்டியில் இரண்டு கிழமை மிளகுபோலக் கிடந்தது.
சைப்பிரசிலிருந்து செம்புழுதி.
நான் போகாத ஊர்களை
வாளியில் கரைத்து ஊற்றினேன்.

இருபத்தேழு மட்டும் போன மாதிரியே வரும்.
குப்சிக், பத்தொன்பது வயது, வாங்கில் இருக்கிற பிள்ளை.
விதி விதிதான்:
அழுக்கில்லாத சட்டையும் நாற்பது பாகையில் சுழல வேண்டும்.
பெயரின் கடைசியில் நிற்கும் கே
ஒவ்வொரு சலவையிலும் கழன்று தொங்கும்.
ஒவ்வொரு முறையும் ஒட்டுவேன்.
"இவன் சட்டை சவர்க்காரத்தில்தான் தேயும்,"
என்பாள் யாஸ்மினா.

டிசம்பரில் கிண்ணம் போனது.
இரண்டாம் பிரிவுக் குழு, கொட்டும் பனி,
நூற்றுப் பதினெட்டாவது நிமிடம்.
தோற்றவன் சட்டையைக் கழற்றுவதில்லை, உரிக்கிறான்.
பதினைந்து கையை
உள்ளே விட்டு வெளியே இழுத்தேன்.

மார்ச், காலிறுதி, போர்த்துக்கல்.
மூட்டையை எண்ணினேன், ஒன்று குறைந்தது.
மறுபடி எண்ணினேன்.
அடியில், பொலித்தீன் பையில்,
எங்களுடையது அல்லாத சிவப்புச் சட்டை.
"இருபத்தேழு மாற்றிக்கொண்டது. துவைக்காதே,"
டெட்லெஃப் எழுதியிருந்தார்.
கடைசி நான்கு நிமிடம் இறக்கியிருக்கிறார்கள்.
பந்து காலில் பட்டதா என்று கேட்டேன்.
"ஒருமுறை. பின்னால் கொடுத்தான்."

பையைத் திறந்தேன், திறக்கக்கூடாதுதான்.
வியர்வைக்கு அடியில் எலுமிச்சை மணம்,
எங்கள் கடையில் இல்லாத வகை.
கீழ் ஓரத்தில் ஒரு கிழிசல்,
கையால் தைத்திருந்தது,
நூல் ஒரு சாயல் கூடுதல் சிவப்பு.
மேலே இருந்து யாரும் காணமாட்டார்கள்.
அங்கேயும் ஒரு சன்னலில்லாத அறை இருக்கும்.
இப்போது அங்கே ஒருத்தி
தொங்குகிற ஒரு கேயைப் பார்த்து
என்னை ஏசிக்கொண்டிருப்பாள்.

மறுபோட்டி இங்கே. டப்பா இரண்டுமுறை நடந்தது.
பிறகு தண்ட உதை.
ஐந்துமுறை கூரை மூச்சைப் பிடித்தது.
நான்குமுறை டப்பா நகர்ந்தது.
பிறகு நெடுநேரம்
சுழலும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
அணித்தலைவனின் முழங்காலில் புல் பச்சை,
இரண்டு தரம் போட்டும் போகவில்லை.

லீகாவில் ஏழாமிடம், ஒரு புள்ளி குறைவு.
அடுத்த வருடம் வியாழன்கள் எனக்குச் சும்மா.

இன்றைக்கு மே இருபத்தாறு.
குப்சிக்கை எங்கேயோ இரவல் கொடுக்கிறார்களாம்.
பெயரை உரித்துச் சட்டையைக் களஞ்சியத்துக்கு அனுப்பச் சொல்லி
டெட்லெஃப் வைத்துவிட்டுப் போனார்.
சூடு காட்டினேன். ஆறு எழுத்து
தோல்போலச் சுருண்டு வந்தது.
சீசன் முழுக்கத் தானே கழன்ற அந்தக் கே,
இன்றைக்குப் பார்த்து,
நகம் உடைந்தும்
வரமாட்டேன் என்கிறது.